கெண்டியும் குழாயும்

நெய்வேலி திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். நிலத்தின் வயிற்றில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்னும் ஒரே காரணத்துக்காக எழுந்த ஊர். 1956-ஆம் ஆண்டு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி முகம் காட்டியது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. குடியிருப்புகளை வட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டார்கள். எண்ணைச் சொன்னால் போதும். புதிதாக வந்த விருந்தாளியும் வீட்டு வாசலை வந்தடைவார்.

முதலில் தாளில் வரைந்து, பின்னர் தரையில் எழுப்பிய இவ்வூரில், அனல்மின் நிலையமொன்றின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றோம். ஆயினும் ஒரு பொருளை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்னும் பாடத்தை நமக்குப் புகட்டியது அந்த அறையன்று. பள்ளிக்கூட வாசலையே மிதியாத நம் உம்மாதான். அந்தப் பாடத்தையும் நாம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

உம்மாவுக்குப் பரங்கிப்பேட்டை. வாப்பா மறைந்த பின்னர், 2004-ஆம் ஆண்டில், நம்முடன் வந்து தங்கினார்கள். அப்போது நகரியத்துக்கு வெளியே, வடக்குத்துப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டிக் குடியேறியிருந்தோம். அவ்வீட்டின் ஒவ்வொரு பொருளையும் நாமே பார்த்துப் பார்த்து வாங்கியதில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. குளியலறைக் குழாய்களும் அப்படி வாங்கியவையே. வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. வெள்ளிபோல் மின்னும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றன் தலையில் ‘எச்’ என்றும், மற்றதன் தலையில் ‘சி’ என்றும் நகத்தளவு ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. அவற்றின் அழகைத் தவிர வேறொன்றையும் கடையில் நாம் பார்க்கவில்லை.

உம்மா எழுத்தறியாதவர்கள் அல்லர். திருக்குர்ஆனைத் தடங்கலின்றி ஓதுவார்கள். அரபுத் தமிழில் அச்சான பழைய கிதாபுகளை மடியில் வைத்துக்கொண்டு அண்டை வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் அவர்களுக்குத் தெரியா.

மார்கழி மாதத்து விடியற்காலை. அன்று நமக்கு முதல் ‘ஷிப்டு’. குளிப்பதற்காக வெந்நீர்க் கொதிகலனின் விசையைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தோம். சுபுஹுத் தொழுகைக்காக எழுந்த உம்மா, நம் உறக்கம் கலையக் கூடாதே என்று விளக்கைப் போடாமல், கூடத்திலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்திலேயே ஒளுச் செய்யத் தொடங்கினார்கள். கைக்கு எட்டிய குழாயைத் திறந்தார்கள். முதலில் வந்தது குழாய்க்குள் இரவெல்லாம் தங்கியிருந்த குளிர்ந்த நீர். கைகளைக் கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள், முகம் கழுவினார்கள். முழங்கை வரை கழுவுவதற்காகக் கையை நீட்டிய வேளையில், பின்னால் வந்துகொண்டிருந்த கொதிநீர் கையில் கொட்டியது. 60 பாகைச் சூடுள்ள நீர் ஐந்தாறு நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். முதியவர்களின் மெல்லிய தோலுக்கு அத்தனை நொடிகளும் வேண்டியதில்லை.

அலறல் கேட்டு ஓடினோம். ஓடிய வேகத்தில் நம் வாயிலிருந்து வந்த முதற்சொல் ஆறுதல் சொல்லன்று. “பார்த்துத் திறக்கக் கூடாதா உம்மா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!” என்பதுதான். அவர்கள் கையை முந்தானையால் மூடிக்கொண்டு, “என் தப்புதான் வாப்பா, நீ வேலைக்குப் போ” என்றார்கள்.

அந்த மறுமொழியே இன்றளவும் நம்மை உறுத்துகிறது. சுட்ட குழாயும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை விரும்பி வாங்கி மாட்டிய நாமும் கேட்கவில்லை. வெந்துபோன கைக்கு உரியவர்கள் கேட்டார்கள்.

வாசக நேயர்கள் தத்தம் வீடுகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஒரே பலகையில் ஒரே மாதிரியான ஆறு மின்விசைகள் வரிசையாக இருக்கும். மின்விசிறியைச் சுழலவிட நினைத்தவர் மூன்று விளக்குகளை ஏற்றி அணைப்பார். எரிவாயு அடுப்பின் திருகை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயைத் திருகத் திருக நீர் பெருகும். அடுப்பிலோ முதல் திருப்பத்திலேயே பெருஞ்சுடர்; மேலும் திருப்பினால்தான் சுடர் சிறுக்கும். தீ எளிதில் பற்றிக்கொள்ள வேண்டும் என்று காரணத்தோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரணம் செய்தவருக்குத் தெரியும். சமைப்பவருக்கு யார் சொன்னார்கள்? தீயைக் குறைக்க எண்ணித் திருகைப் பின்னோக்கித் திருப்பி, அடுப்பையே அணைத்துவிட்டு, “எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை” என்று தம்மையே நொந்துகொள்ளும் முதிய பெண்களை நாம் கண்டிருக்கிறோம். பொருளின் பிழையைத் தம் பிழையாகத் தலையில் சுமந்துகொள்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், பெண்கள், படிக்காதவர்கள். நம் உம்மா இம்மூவகையிலும் அடங்கியவராக நமக்குத் தோன்றியதால்தான் அன்று அத்தனை எளிதாக நம் நா நீண்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த உண்மையை நம் தொழில் நமக்குப் பலமுறை சொல்லியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 போர் விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுத்துவிட, விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்தது. விமானிகளின் கவனக்குறைவு என்றே முதலில் கருதினார்கள். 1943-இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானி அறைக்குள் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடலுக்கான விசையும் அருகருகே, ஒரே உருவில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் ஒரு சிறு சக்கரத்தையும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவான ஒரு துண்டையும் பொருத்தச் செய்தார். கை தொட்டதும் அறிந்துகொண்டது. அந்தத் தவறு ஒழிந்தது. இன்றும் விமானத்தில் அந்தக் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1979-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று, மூட வேண்டிய வேளையில் மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டதென்று பணியாளர்கள் நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, ‘மூடு’ என்னும் ஆணை அனுப்பப்பட்டது என்பதைத்தான். ஆணை நிறைவேறியது என்பதையன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதி ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று. விசாரணைக் குழு பணியாளர்களின் தவறுகளோடு, அவர்கள் பெற்ற பயிற்சியின் குறையையும் அந்த அறையின் அமைப்பையும் சேர்த்தே குறை கூறியது.

நம் உம்மாவின் கையில் முதலில் விழுந்த குளிர்ந்த நீரும் அந்த விளக்கைப் போன்ற பொய்ச் சாட்சிதான். கையை நீட்டிப் பார்த்தவர் ‘குளிர்ந்த நீர்தான்’ என்று நம்பும்படி செய்துவிட்டு, பின்னர் சுட்டது. “பார்த்துத் திறக்கக் கூடாதா” என்று கேட்டோமே, அவர்கள் பார்த்துத்தான் திறந்தார்கள்.

கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் தம் வழி தாமே கண்ட கதையும் உண்டு. டொனால்ட் நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர், அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலில் அதைக் காட்டுகிறார். ஓர் அணுமின் நிலையத்தில் ஒரே மாதிரியான இரு கைப்பிடிகள் குழப்பம் தந்ததால், பணியாளர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு, மதுக்கடையில் பீர் ஊற்றும் குழாயின் வெவ்வேறு கைப்பிடிகளை மாட்டிக்கொண்டார்களாம். பீர் நமக்கு ஹராம். அதன் கைப்பிடியிலிருந்து பாடம் கற்பது ஹராமில்லை என்று எண்ணுகிறோம்.

மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்கு இது தெரிய வேண்டுமென்பதில்லை. 1958-ஆம் ஆண்டு இந்திய அரசின் அழைப்பின் பேரில் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே வித்து. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் மாளிகையன்று, கோபுரமன்று. நம் வீட்டுச் சொம்பு. இடுப்பிலும் தலையிலும் அது எப்படி அமர்கிறது, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாகும்போதும் அதன் எடை எப்படி நிற்கிறது, ஊற்றும்போது நீர் எப்படி வழிகிறது, உட்புறத்தைக் கழுவக் கை நுழையுமா என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். எந்தத் தனி மனிதரும் அதை வரைந்து தரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகள் புழங்கிப் புழங்கி அதன் குற்றங்களைக் களைந்தன.

அதைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது பரங்கிப்பேட்டை வீட்டின் கெண்டி. பருத்த வயிறு, பிடிக்கத் தோதான கழுத்து, மெல்லிய மூக்கு. கழுத்தைப் பிடித்ததும் எப்பக்கம் சாய்க்க வேண்டும் என்பதை மூக்கே சொல்லிவிடும். எவ்வளவு சாய்த்தாலும் நூல்போலத்தான் நீர் வரும்; ஆற்றங்கரையிலும் தண்ணீரை வீணாக்காதீர் என்னும் போதனையை அந்த மூக்கு தானே நிறைவேற்றிவிடும். ஊற்றும் முன்பே உள்ளிருப்பது சூடா குளிர்ச்சியா என்பதைப் பாத்திரத்தின் உடலைத் தொட்டே அறியலாம். அதன்மேல் எந்த எழுத்தும் இல்லை. எழுத்துக்கு வேலையும் இல்லை. எழுபது ஆண்டுகள் அந்தக் கெண்டியோடு பழகிய கையிடம்தான் நாம் ‘எச்’சையும் ‘சி’யையும் நீட்டினோம்.

நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் 1951-52-இல் நடந்தபோது, வாக்காளருள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ‘முதலில் படித்துவிட்டு வாருங்கள்’ என்று எவரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வருபவரின் நிலையறிந்து பொருளை அமைப்பதுதான் மரியாதை. பொருளுக்கேற்ப மனிதர் தம்மை வளைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒருவகை ஆணவம்.

நம் மார்க்கத்துக்கும் இது புதிதன்று. 1206-ஆம் ஆண்டளவில் தியார்பக்கிரில் இருந்த அல்ஜஸரீ எழுதிய இயந்திரக்கலை நூலில், ஒளுச் செய்யவும் கை கழுவவும் உதவும் கருவிகள் பல இடம்பெற்றிருக்கின்றன. அவ்வளவு பெரிய பொறியாளர், கை நனைக்கும் சிறு செயலைத் தம் அறிவுக்குக் குறைவானதாகக் கருதவில்லை. அதற்கும் மேலாக, எல்லாக் காரியத்திலும் ‘இஹ்ஸான்’ என்னும் செம்மையை அல்லாஹ் விதித்திருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். அச்செய்தியில் அண்ணலார் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஒரு கருவியைத்தான். அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும். வாயில்லா உயிருக்கு முன்பே கருவியின் செம்மைக்கு மனிதன் பொறுப்பாளி என்றால், பெற்ற தாயின் கைக்கு முன்னால் நம் பொறுப்பு எத்தகையது! பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மிம்பரில் கேட்கிறோம். வீட்டுக்குள் நாமே விலை கொடுத்து வாங்கிவைத்த முள் நம் கண்ணில் படுவதில்லை.

புண் ஆறப் பல நாள் ஆயிற்று. ஆறியதா என்று நாம் கேட்டோமே தவிர, குழாயை மாற்றும் எண்ணம் நமக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் குளிக்கப் போனபோது வெந்நீர்க் குழாயின் கழுத்தில் பழைய துவாலையிலிருந்து கிழித்த ஒரு துணித்துண்டு இறுக முடிச்சிட்டிருக்கக் கண்டோம். இருட்டிலும் விரல் தடுக்கி உணரும் முரட்டு முடிச்சு. கட்டியது யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சப்பானிஸ் விமானத்தில் செய்ததையும், அந்தப் பணியாளர்கள் மின் நிலையத்தில் செய்ததையும், அவர்கள் பெயரைக் கூடக் கேள்விப்படாத நம் உம்மா, எவரையும் குறை கூறாமல் செய்து முடித்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருந்த நாம் அந்தத் துணிக்கு முன்னால் நெடுநேரம் நின்றோம். அன்றுதான் நாம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். “அதை அன்னைக்கே மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டார்கள்.

உம்மா இன்று இல்லை. அக்குழாய்களையும் பின்னர் அகற்றிவிட்டோம். இப்போது குளியலறையில் நிறத்தாலும் உருவத்தாலும் வேறுபட்ட இரண்டு குழாய்கள் இருக்கின்றன. கொதிகலனின் சூட்டையும் குறைத்து வைத்திருக்கிறோம். எந்தப் பொருளை வாங்கப் போனாலும் அதன் பளபளப்பைப் பார்க்கும் முன், ‘இருட்டில், கண்ணாடி அணியாமல், உம்மா இதைத் திறப்பார்களா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் யாரேனும் எதையேனும் தவறாகத் திருப்பிவிட்டால் அவர்களைப் பார்க்கும் முன் பொருளைப் பார்க்கிறோம். எல்லாம் வல்ல அல்லாஹ் அவர்களின் கபுரை ஒளிமயமாக்குவானாக. நம் நாவின் பிழையைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.