மடக்கினால் அனுமதி

லண்டனில் ஒரு சைக்கிள் கடை. தாழ்வான மேடையில் மூன்று சைக்கிள்கள். ஒன்று விரிந்து நிற்கிறது. ஒன்று பாதி மடங்கியிருக்கிறது. மூன்றாவது முழுக்க மடங்கித் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. சுமார் 60 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய அதே நீளம், 27 சென்டிமீட்டர் அகலம்.

ஒரு பெண் மூன்றாவதன் முன்னால் நிற்கிறார். மணியை அடித்துப் பார்க்கவில்லை. வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. குனிகிறார். இருக்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குகிறார்.

தூக்கியபடியே சற்று நேரம் நிற்கிறார். இறக்கி வைக்கிறார். விற்பனையாளர் விரிந்து நிற்கும் வண்டியின் முன்பக்கத்துப் பையைக் கழற்றிக் கொடுக்கிறார். பேட்டரி அதற்குள் இருக்கிறது. மொத்தம் சுமார் 17 கிலோ. அதில் பேட்டரி மட்டும் ஏறக்குறைய 3 கிலோ. இப்போது வலக்கையில் வண்டி, இடத்தோளில் பை. கடையின் மூலையில் கீழ்த்தளத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது. இறங்குகிறார். ஏறுகிறார். விற்பனையாளர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஓட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

விலைச்சீட்டில் மூவாயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவான தொகை. கணவர் சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் ஒன்றும் எழுதியில்லை.

"மாதாமாதம் சம்பளத்திலைதான் கழிப்பினம்," என்கிறார் பெண்.

அவர் சொல்வது 'சைக்கிள் டு வொர்க்' திட்டத்தை. பிரிட்டனில் 1999-இல் தொடங்கியது. வண்டியை வாங்குவது வேலை கொடுப்பவர். ஊழியரின் சம்பளத்தில், வரி பிடிப்பதற்கு முன்பே, தவணை கழிகிறது. ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட வண்டியையும் இந்த வழியில் எடுக்கலாம் என்று 2019-இல் அரசு தெளிவுபடுத்தியது. கணவர் சீட்டை மேடையில் வைத்துவிட்டுத் தலையாட்டுகிறார்.

பாடம் தொடங்குகிறது. பேட்டரிப் பையைக் கழற்ற வேண்டும். பின்சக்கரத்தை உடலுக்கு அடியில் தள்ள வேண்டும். நடுக்கீலின் பிடியைத் தளர்த்தி, முன்சக்கரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் சேர்க்க வேண்டும். கொக்கி மாட்டிக்கொள்ளும். கைப்பிடித் தண்டின் பிடியைத் தளர்த்தினால் தண்டு கீழே சரியும். இருக்கைக் குழாயைக் கடைசிவரை இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். இடப்பக்கப் பெடலை மடக்கினால் வேலை முடிந்தது.

விற்பனையாளரின் கைகள் பேசிக்கொண்டே முடித்துவிடுகின்றன. பெண்ணின் கைகள் நடுக்கீலில் நின்றுவிடுகின்றன. பிடி திரும்பவில்லை. அவர் வலிந்து திருகவில்லை. கையை எடுக்கிறார். விரல்களை மடக்கி நீட்டுகிறார். மறுபடி பிடிக்கிறார். இம்முறை திரும்புகிறது.

கீலுக்கு அருகில், குழாயில், சின்னஞ்சிறு எழுத்துகள் பதிந்திருக்கின்றன. அந்த இடத்தைப் பற்றவைத்தவரின் முத்திரை. இந்த வண்டியைச் செய்யும் பிராம்ப்டன் தொழிற்சாலையில் பற்றவைப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி முத்திரை உண்டு. தொழிற்சாலை மேற்கு லண்டனில், கிரீன்ஃபோர்டில் இருக்கிறது. இந்த மடிப்பை ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1975-இல் தம் லண்டன் குடியிருப்பில் உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினார். மோட்டார் வைத்த வண்டியை நிறுவனம் அறிவித்தது 2017-இல். பெண் கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவிப் பார்க்கிறார்.

வீடு ரேனர்ஸ் லேனில். 1930-களில் கட்டிய, ஒட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்ததும் ஒடுக்கமான நடை. செருப்புகள். குடைகள். மகளின் ஸ்கூட்டர். சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குளிர்கோட்டுகள். முதல் இரவு வண்டி அங்கேதான் நிற்கிறது. மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறாள். கால்விரல் பெடலில் இடிக்கிறது.

காலையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறு அலமாரி காலியாகிறது. வக்யூம் கிளீனர் தோட்டத்துக் கொட்டகைக்குப் போகிறது. பழைய சூட்கேஸ் ஒன்று பரணுக்கு ஏறுகிறது. வண்டி உள்ளே போகிறது. கதவு மூடுகிறது.

பேட்டரி மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. அதற்குச் சமையலறையில் இடம். தரையோடு, சுவரோரம், பக்கத்தில் துணியோ தாளோ இல்லாத இடம். லண்டன் தீயணைப்புப் படை மின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் சில விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வெளியேறும் வழியில் சார்ஜ் போடாதீர்கள். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். அந்த வண்டிக்குரிய சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். நிறைந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். பெண் இந்த நான்கையும் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் மகளின் பள்ளி அட்டவணை.

அவருக்கு மருத்துவமனையில் வேலை. வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். காலை வேலை இருக்கும் வாரத்தில் சார்ஜ் போடுவது இரவுச் சமையலின்போது. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. தரையில் பேட்டரியின் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. சாப்பிட்டு முடிகிறது. பாத்திரம் கழுவி முடிகிறது. மகள் படுத்துவிட்டாள். கடைசி விளக்கு மட்டும் இன்னும் நிலைக்கவில்லை. கணவர் சோபாவில் சாய்கிறார்.

"இஞ்சேருங்கோ, நித்திரை கொள்ளாதேங்கோ. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"நான் முழிச்சுத்தான் இருக்கிறன்."

கண் மூடியிருக்கிறது. பெண் நாற்காலியை இழுத்துப் பேட்டரிக்கு எதிரில் போட்டு உட்காருகிறார். விளக்கு நிலைக்கிறது. எழுந்து பிளக்கைக் கழற்றுகிறார். கையால் பேட்டரியின் மேல்புறத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகு மாடிக்குப் போகிறார்.

காலை. ரேனர்ஸ் லேன் நிலையம். உயர்ந்த செங்கல் கட்டடம். சாலை மட்டத்தில் டிக்கெட் கூடம். ரயில்கள் கீழே. பெண் வாசலில் இறங்குகிறார். பையைக் கழற்றித் தோளில் மாட்டுகிறார். பின்சக்கரம் அடியில் போகிறது. கீல் திரும்புகிறது. தண்டு சரிகிறது. குழாய் இறங்குகிறது. பெடல் மடங்குகிறது. அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் நிற்க வேண்டியிருக்கவில்லை.

2025 பிப்ரவரி 27 அன்று இதே நிலையத்தின் பிளாட்பாரத்தில் ஒரு மின் சைக்கிள் தீப்பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 31 முதல் சுரங்க ரயில் உள்ளிட்ட லண்டன் போக்குவரத்துச் சேவைகளில் மின் சைக்கிளுக்குத் தடை. மடக்கு வண்டிக்கு மட்டும் விலக்கு. மடக்கு வண்டிகளில் பிறகு மாற்றம் செய்வது குறைவு, பேட்டரியும் எளிதில் அடிபடாத இடத்தில் இருக்கிறது என்பது போக்குவரத்து நிர்வாகம் சொல்லும் காரணம்.

டிக்கெட் கதவுக்கு இந்தப் பக்கம் ஓர் இளைஞர் நிற்கிறார். முதுகில் உணவு கொண்டுபோகும் சதுரப்பெட்டி. சாதாரண மலைச் சைக்கிளில் மோட்டார் பொருத்தியிருக்கிறார். குறுக்குக் குழாயில் பேட்டரி. அதைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் பை. பைக்கு மேல் டேப். பின் டயர் தட்டையாகக் கிடக்கிறது. நிலைய ஊழியர் தலையை ஆட்டுகிறார். சுவரில் இருக்கும் அறிவிப்பைக் காட்டுகிறார். இளைஞர் டயரைக் காட்டுகிறார். ஊழியர் மறுபடி அறிவிப்பைக் காட்டுகிறார்.

பெண் அட்டையைத் தட்டுகிறார். அகலக் கதவு திறக்கிறது. வண்டி உள்ளே வருகிறது.

"அக்கா, உங்களுத மட்டும் எப்படிக்கா விடுறாங்க?"

"இதை மடக்கலாம், தம்பி."

இளைஞர் மடிப்பைப் பார்க்கிறார். தன் வண்டியைப் பார்க்கிறார்.

"எங்கை இருக்கிறீர்?"

"வெம்ப்ளிக்கா."

பலகையில் ரயிலுக்கு மூன்று நிமிடம். பெண் வண்டியைக் கீழே வைக்கிறார். சவுத் ஹாரோவில் ஒரு சைக்கிள் கடை இருப்பதாகச் சொல்கிறார். இடது பக்கம் போய்த் திரும்ப வேண்டிய இடத்தைக் கையால் காட்டுகிறார். இளைஞர் நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளத் தொடங்குகிறார். மழை தூறுகிறது. பெண் கீழே இறங்கும்போது ரயில் கதவுகள் மூடிக்கொண்டிருக்கின்றன. அடுத்த ரயிலுக்கு நிற்கிறார்.

மெட்ரோபாலிட்டன் வழித்தடம். பெட்டியின் ஓரத்தில் வண்டி, அவர் முழங்காலோடு ஒட்டி. மடியில் பேட்டரிப் பை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்க்கிறார். சக்கரத்தின் நடுவில் தடித்த கறுப்பு வட்டம், மோட்டார். அவர் பார்வை மடியிலிருக்கும் பைக்கு வருகிறது. வெம்ப்ளி பார்க்கில் இடம் காலியாகிறது. எழுந்து தள்ளிப் போய் உட்காருகிறார். பெண் பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொள்கிறார்.

ஃபிஞ்ச்லி ரோடு. படிகள். ஆறாவது படியில் பெடல் முழங்காலுக்குக் கீழே இடிக்கிறது. அந்த இடம் ஏற்கெனவே கன்றியிருக்கிறது. அவர் வண்டியை மறு கைக்கு மாற்றுகிறார். பை மறு தோளுக்கு மாறுகிறது.

வெளியே குழாய் ஏறுகிறது, தண்டு நிமிர்கிறது, கீல் இறுகுகிறது. பை முன்னால் அமர்கிறது. பொத்தான். விளக்கு.

ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ நேராக மேலே போகிறது. இரண்டு பக்கமும் மரங்கள், சிவப்புச் செங்கல் மாளிகைகள். சாதாரண சைக்கிளில் போகிற ஒருவர் எழுந்து நின்று மிதிக்கிறார். இன்னொருவர் இறங்கித் தள்ளுகிறார். பெண் உட்கார்ந்தபடி மிதிக்கிறார். மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டால் துணை நின்றுவிட வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். அந்த எல்லைக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், வரி வேண்டாம். வயது 14 ஆகியிருந்தால் போதும். லிண்ட்ஹர்ஸ்ட் சாலை திருப்பத்தில் அவர் கை காட்டுகிறார். மூச்சு வாங்கவில்லை.

மருத்துவமனை வாசலில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள். ஒரு கம்பியில் தடித்த பூட்டு. பூட்டுக்குள் ஒரு முன்சக்கரம். மீதி வண்டியைக் காணவில்லை. பெண் அதைக் கடந்து போகிறார். வாசலில் மடக்குகிறார். காவலாளி கதவைப் பிடித்துக்கொள்கிறார். உடை மாற்றும் அறையில் மேசைக்கு அடியில் வண்டி. பக்கத்தில் அவருடைய காலணிகள். அங்கே சார்ஜ் போட அனுமதியில்லை. அவர் கேட்கவும் இல்லை.

குளிர்காலம் வருகிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. சாலையில் உப்புத் தூவுகிறார்கள். உப்புச் சேறு சங்கிலியில் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கதவருகே வண்டி தலைகீழாக நிற்கிறது. கணவர் பழைய சாரத் துண்டால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் துடைக்கிறார். எண்ணெய் விடுகிறார். துடைக்கிறார். அன்று கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த அதே கை. முன்சக்கரம் பஞ்சரானால் அதைக் கழற்ற மோட்டாரின் வயரையும் கழற்ற வேண்டும். கையேட்டின் அந்தப் பக்கத்தை அவர் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

மாலையில் சாவகச்சேரியிலிருந்து வீடியோ அழைப்பு. திரையில் அம்மாவின் நெற்றியும் மின்விசிறியும்.

"உதுக்கே பிள்ளை மூவாயிரம் பவுண்? சில்லு சின்னப்பிள்ளையளின்ரை மாதிரிக் கிடக்கு."

"மடக்கிக் காட்டச் சொல்லு," என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

கணவர் கைபேசியைப் பிடிக்கிறார். பெண் மடக்குகிறார். அப்பா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவருகிறார். கண் மட்டும் தெரிகிறது.

"இன்னொருக்கால்."

விரிக்கிறார். மறுபடி மடக்குகிறார். இம்முறை மெதுவாக, ஒவ்வொரு கீலிலும் நிறுத்தி. அப்பாவுக்குப் பின்னால் விறாந்தையில் அவருடைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு சாக்கு.

"ஊருக்கு வரேக்கை கொண்டு வருவியோ?"

"வண்டியைக் கொண்டு வரலாம் அப்பா. பற்றரியை ஏத்தமாட்டினம்."

பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரியைக் கையோடு கொண்டுபோகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணியோடு ஏறாது. இந்தப் பேட்டரி 300.

பேட்டரி இல்லாமலும் வண்டி ஓடும். முழுப் பாரத்தையும் மிதிக்கிறவர்தான் இழுக்க வேண்டும். சாவகச்சேரியில் மேடு இல்லை.