வெயிலுகந்த ஊரில் குளிரைப் பற்றி ஒரு பேச்சு

ஆர்.எஸ்.மங்கலம் என்றாலே 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' பெரிய கண்மாய்தான். அங்கிருந்து கிழக்கே, கடலோரம் உப்பூர். கூரையில்லாத கருவறையில் வெயில் காயும் வெயிலுகந்த விநாயகர் இருக்கும் ஊர். இந்த வெயிலில் குளிரைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா?

இதே மாவட்டத்தில், உச்சிப்புளியில் இருக்கிறது ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம். கடல்மேல் பறக்கும் விமானி தண்ணீரில் விழுந்தால், முதல் எதிரி குளிர். குளிர்கடல் நாடுகளில் இதற்கென்றே நீர் புகாத உடை உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும். அதை அணிந்தவர்களைக் குளிர்ந்த தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதிப்பார்கள். கப்பல்களில் வைக்கும் இதே வகை உடைக்கு சர்வதேச விதியே இருக்கிறது: 2 டிகிரிக்கும் குறைவான நீரில் 6 மணி நேரம் கிடந்தாலும், உடலின் உள்வெப்பம் 2 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது.

நம் வெயிலில் அதைப் போட்டால் விமானி புறப்படும் முன்பே வெந்துவிடுவார். ஆனால், நம் கடலும் உடலைவிடக் குளிர்ச்சிதான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் உடல் வெப்பத்தை இழுக்கும். இரவெல்லாம் மிதக்க நேர்ந்தால் மீனவரின் கையும் தளரும். அவருக்குத் துணை லைஃப் ஜாக்கெட். வீணாக நீந்தாமல், படகைப் பிடித்து, முழங்காலை மார்போடு மடக்கிக்கொள்வது உயிர் காக்கும்.