வீட்டில் மெட்டல் மிக்ஸ் பண்றவங்களுக்கு ஒரு த்ரெட்: சவுண்டு, பேலன்ஸ், அப்புறம் உங்க காது

மக்களே, இன்னைக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. மெட்டல் மியூசிக். பெட்ரூம்ல உட்கார்ந்து கிட்டார் ரெக்கார்ட் பண்ணி, கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் போட்டு, தானே மிக்ஸ் பண்றவங்களுக்கான த்ரெட் இது. மெட்டல் பிடிக்காதவங்களும் படிங்க. ஹெட்ஃபோன் போடுற எல்லாருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

நான் பொது மருத்துவர், காது டாக்டர் இல்லை. டியூட்டி முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேல கிட்டாரைத் தொடுற ஆள். போன வருஷம் காலேஜ் நண்பனோட சேர்ந்து ஒரு பாட்டு முடிச்சேன். பாடினது அவன், மற்றதெல்லாம் நான். பதினோரு ராத்திரி மிக்ஸ் பண்ணி அனுப்பினேன். அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு: "மச்சான், சிம்பல் காதைக் கிழிக்குது. இடது பக்க கிட்டார் ஊசி மாதிரி குத்துது. பேஸ் வாசிச்சியா இல்லையா?"

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. என் காதுக்கு எல்லாம் கச்சிதமா இருந்தது. அவன் ஹெட்ஃபோன் சரியில்லைன்னு நினைச்சேன். மறுநாள் காலையில கார்ல சின்ன சவுண்டுல போட்டுப் பார்த்தேன். பேஸ் உண்மையிலேயே இல்லை. ராத்திரி நெஞ்சுல இடிச்ச கிக் டிரம், காலையில யாரோ மேஜையைத் தட்டுற மாதிரி இருந்துச்சு.

பேஸ் காணாமப் போனதுக்குக் காரணம் எம்.பி.பி.எஸ். முதல் வருஷ பாடத்திலேயே இருக்கு. நம்ம காது எல்லா ஃப்ரீக்வன்சியையும் ஒரே மாதிரி கேட்காது. 1933-ல் பெல் லேப்ஸைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து காட்டினாங்க. சத்தம் குறைவா இருக்கும்போது அடி ஒலிகள் நமக்கு ரொம்பவே மங்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவை எழுந்து வரும். நான் ராத்திரி முழுக்க அலற விட்டு மிக்ஸ் பண்ணினேன். அந்த அளவுல பேஸ் தாராளமா கேட்டதால, இன்னும் குறைச்சுக்கிட்டே போனேன். காலையில சின்ன சவுண்டுல கேட்டப்போ மிச்சம் எதுவும் இல்லை.

அதனால, முக்கால்வாசி நேரம் பேச்சு சத்த அளவுல மிக்ஸ் பண்ணுங்க. பாட்டு ஓடும்போதே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட குரல் உயர்த்தாம பேச முடியணும். அந்த அளவுல கிக், ஸ்னேர், குரல் மூணும் தெளிவா கேட்டா, சத்தமா வச்சாலும் பெரும்பாலும் நிக்கும். சத்தமா வச்சுக் கேளுங்க, வேண்டாம்னு சொல்லலை. கடைசியில ரெண்டு நிமிஷம், பேஸ் சரிபார்க்க. அவ்ளோதான்.

இன்னொரு ஏமாத்து வேலையும் உண்டு. சத்தம் கொஞ்சம் கூடினாலே மூளை அதை "நல்லா இருக்கு"ன்னு எடுத்துக்கும். நீங்க ஒரு ஈக்யூ போட்டதும் பாட்டு பிரமாதமா மாறிடுச்சா? பெரும்பாலும் அது ஒரு டெசிபல் கூடியிருக்கும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து ஒப்பிடுங்க. என் 'அற்புதமான' ப்ளக்இன்களில் பாதி அங்கேயே செத்துப் போச்சு. பிடிச்ச பேண்டோட பாட்டைப் பக்கத்துல வச்சு ஒப்பிடும்போதும் அப்படித்தான். அது மாஸ்டர் பண்ணி வந்த பாட்டு, உங்க மிக்ஸைவிட பல டெசிபல் சத்தமா இருக்கும். முதல்ல அதைக் குறைச்சுட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

சரி, கிட்டார். மெட்டல்ல தொண்ணூறு சதவீத வீட்டு மிக்ஸ் நாசமாகிறது இங்கேதான் (இது என் கணக்கு, ஆய்வு கீய்வுன்னு கேட்காதீங்க). தனியா வாசிக்கும்போது பூதம் மாதிரி இருக்கிற கிட்டார் சவுண்டு, எல்லாத்தோடயும் சேரும்போது சேறாகிடும். டிஸ்டார்ஷனைப் பாதியாக் குறைங்க. ஒரே வாசிப்பைக் காப்பி பண்ணி இடமும் வலமும் போட்டா அகலம் வராது, நடுவுல சத்தம்தான் கூடும். அதே ரிஃப்பை ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு, ஒண்ணை முழு இடம், ஒண்ணை முழு வலம் வைங்க. கை வலிக்கும். வேற வழி இல்லை.

கிட்டார்ல 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை வெட்டுங்க. அது பேஸோட வீடு. சாதாரண ட்யூனிங்ல கிட்டாரோட தடிச்ச கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், பேஸ் கிட்டாரோடது 41. வெட்டினதும் கிட்டார் தனியா மெலிஞ்ச மாதிரி தோணும். பயப்படாதீங்க. நீங்க கேட்டு ரசிக்கிற 'கனமான கிட்டார்' பல பாட்டுல பாதி பேஸ் கிட்டார்தான். ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் கேட்கலையா? சத்தத்தைக் கூட்டாதீங்க, பேஸ்ல கொஞ்சம் டிஸ்டார்ஷன் கலங்க. மேல் ஒலிகள் கேட்டாலே போதும், கீழே இல்லாத அடிச்சுரத்தை மூளை தானா நிரப்பிக்கும். மூளை நமக்குச் சாதகமா ஏமாத்துற அபூர்வமான இடம் இது.

கிட்டார் ஃபேடரைக் கடைசியா ஏத்துங்க. முதல்ல கிக், ஸ்னேர், பேஸ். அப்புறம் குரல். அதுக்கப்புறம், ஸ்னேர் மறையிற இடம் வரைக்கும் கிட்டாரைக் கொண்டு வந்து, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்க. கிட்டாரிஸ்ட் நீங்களே என்றால் இன்னும் கொஞ்சம்.

இப்போ சிம்பலும் அந்த இடது பக்க கிட்டாரும். இதை எழுதத்தான் ஆரம்பிச்சேன்.

அதுக்கு எந்த யூட்யூப் வீடியோவும் விளக்கம் சொல்லலை. எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்க ஈ.என்.டி. டாக்டர். பேச்சுவாக்குல சொன்னேன். சிரிக்கலை. "ரெண்டு நாள் ஹெட்ஃபோன் போடாம வா, ஆடியோகிராம் எடுப்போம்"னாங்க.

எடுத்தாச்சு. வலது காது பரவாயில்லை. இடது காதுல கோடு நேரா போய், 4 கிலோஹெர்ட்ஸ் கிட்ட பள்ளமா இறங்கி, 8-ல் மறுபடி ஏறுச்சு. இரைச்சலால் வர்ற செவித்திறன் குறைவோட கையெழுத்து அது. புத்தகத்துல பார்த்து மார்க் வாங்கின படம், என் பேர் போட்ட தாள்ல. "டேய், உன் காதுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி"னாங்க அக்கா.

காலேஜ் பேண்டுல நாலு வருஷம் டிரம்ஸ் பக்கத்துல நின்னேன். கிராஷ் சிம்பல் என் இடது தோளுக்கு நேரா. பிராக்டிஸ் முடிஞ்சா ராத்திரி முழுக்க காதுக்குள்ள 'ஙொய்ய்'னு கேட்கும். காலையில போயிடும். போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். எலிகளை வச்சு குஜாவா, லிபர்மன் 2009-ல் செஞ்ச ஆய்வுல, கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பின பிறகும் நரம்பு இணைப்புகள் நிரந்தரமா அழிஞ்சிருந்ததைப் பார்த்தாங்க.

இப்போ கணக்கு சரியா வருதா? கிட்டாரோட கடி, சிம்பலோட கூர்மையெல்லாம் அந்தப் பள்ளத்தைச் சுத்திதான் இருக்கு. என் இடது காதுக்கு அது கேட்கலை. கேட்கிற வரைக்கும் ஏத்தியிருக்கேன். என் காதுல இருந்த பள்ளம் நண்பனோட காதுல மேடா குத்தியிருக்கு.

மெட்டாலிகாவோட 1988 ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' தெரியும்ல? பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காத ஆல்பம். டூருக்கு நடுவுல மிக்ஸ் நடந்தது. காது சோர்ந்து போய் மேல் ஒலிகள் சரியா கேட்காம, அதையே கூட்டிக்கிட்டு இருந்தோம்னு ஹெட்ஃபீல்ட் பிற்காலத்துல பேசியிருக்கார். அவங்களுக்கே அந்தக் கதின்னா பெட்ரூம்ல நாம எந்த மூலைக்கு!

அளவு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு வேலை இடங்களுக்குச் சொல்ற வரம்பு, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிஷம். ஒரு மிக்ஸ் செஷன் எவ்வளவு நேரம் ஓடும்னு உங்களுக்கே தெரியும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து நிமிஷம் மொட்டை மாடிக்குப் போங்க. பிராக்டிஸுக்கு இயர் பிளக் போடுங்க. காது இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினா டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு காது கேட்கலைன்னா, காத்திருக்காம அன்னைக்கே ஈ.என்.டி. போங்க. அதுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிக்கணும். வாரம் கழிச்சு வந்து அழுதவங்களைப் பார்த்திருக்கேன்.

அந்தப் பாட்டை முதல்ல இருந்து மறுபடி மிக்ஸ் பண்ணினேன். இந்தத் தடவை சின்ன சவுண்டு. ஹெட்ஃபோனை இடம் வலம் மாத்திப் போட்டும் கேட்டேன். திரையில ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் திறந்து வச்சு, என் காது பொய் சொல்ற இடத்துல கண்ணை நம்பினேன். சிம்பல் 4 டெசிபல் கீழ, இடது கிட்டார் வலதோட அச்சு அசலா.

நண்பன் கேட்டுட்டு, "இப்போ பாட்டுடா"ன்னான். என் காதுக்கு இடது பக்கம் இன்னும் போர்வை போத்தின மாதிரிதான் இருக்கு. அப்படியே வெளியிட்டோம்.