எழுபத்தோராம் இடம்

"அண்ணே, பேக்லிங்க் வாங்கிப் போட்டா மூணே மாசத்துல முதல் பக்கம் வந்துடுமாம். செய்யலாமா?" நேற்று ஒரு தம்பி கேட்டான். மிக்ஸி, கிரைண்டர் விமர்சனம் எழுதி, விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட் தளம் வைத்திருக்கிறான்.

வராது என்று பொய் சொல்ல மனசில்லை. வரலாம். அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம், மற்ற தளங்களில் காசுக்குப் போட்ட பேக்லிங்க் எனும் இணைப்புகளால்தான் 2010 கடைசியில் ஆடை, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் குட்டை உடைத்தது. கூகுள் கை வைத்ததும், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்தவர்கள் இரண்டே மணி நேரத்தில் 71-க்குப் போனார்கள்.

அவர்களுக்கு அப்போது நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் கடைகள். தம்பிக்கு ஒரே டொமைன். 2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட இணைப்புகளைத் தண்டிக்கும் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோது எனக்கும் ஒன்றுதான்; அது அடிவாங்கியது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கெஞ்சி நீக்கினாலும், கூகுள் மறுபடி பெங்குவினை ஓட்டும் வரை அப்போது காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2014 இறுதிக்குப் பிறகு அது 2016 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் டொமைனைப் புதுப்பிப்பதையே விட்டுவிட்டேன்.

பத்து டொமைன் வைத்து, எட்டு செத்தாலும் சரி என்று ஆடுகிறவர்கள் உண்டு. (திறமைசாலிகள்தான், குறை சொல்லவில்லை.) அவர்கள் கணக்கு வேறு.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தத் தளத்தை நம்பித் தவணை ஏதும் கட்டுறியா?"

"பைக்குக்கு மட்டும்ண்ணே. அப்புறம்... வீட்டு வாடகை."