கொம்பு அறுத்த காண்டாமிருகம்

ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் எல்லோருக்கும் ஒரே வேலைதான், காற்றுக்குக் காத்திருப்பது. ரீயூனியனில் பாய் விரித்து, மடகாஸ்கரின் தென்முனைக்குக் கீழாக வந்து, தென்னாப்பிரிக்கக் கரையைப் பிடிக்கும் படகுகள் பலவும் இங்கேதான் ஒதுங்குகின்றன. இனி டர்பனுக்குப் போக அகுலாஸ் நீரோட்டத்தில் இறங்க வேண்டும். அது கரையோரமாகத் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. அதே தென்மேற்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அலை சுவர்போல எழும்பும். பெரிய சரக்குக் கப்பல்களே அடிபட்ட கடல் அது.

“சும்மா கிடக்கிறதுக்குக் காட்டைப் பார்த்துட்டு வரலாம், வா தம்பி” என்றார் கேப்டன். எனக்கு மனமே இல்லை. கடலில் திமிங்கலம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. காசு கட்டி, வண்டியில் ஏறி, மிருகத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு வெறுப்பு. அதோடு கால் இன்னும் தரைக்குப் பழகவில்லை. நின்றால் மண் ஆடுவதுபோல இருந்தது. அவர் பேச்சைத் தட்ட முடியாமல்தான் ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி காட்டுக்குக் கிளம்பினேன்.

வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு ஸூலு பெண். அதிகம் பேசாதவர். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் கடந்து போய், ஒரு சரிவில் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். முதலில் சத்தம்தான் கேட்டது, புல்லைப் பற்றி இழுத்து அறுக்கும் சத்தம். பிறகு புதருக்கு இந்தப் பக்கம் தாயும் குட்டியுமாக இரண்டு வெள்ளைக் காண்டாமிருகங்கள். பெயர்தான் வெள்ளை; சேறு காய்ந்த சாம்பல் நிறம். தாயின் அகன்ற உதடு தரையை விட்டு எழவே இல்லை. காது மடலில் சிவந்த அலகுள்ள சிறு பறவை ஒன்று உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. மூக்கின் மேல் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக அறுத்த அடிக்கட்டை. எங்கள் ஊரில் வண்டி மாட்டுக்குக் கொம்பு சீவுவார்கள். அது மாட்டுக்கு எடுப்பைக் கூட்டும். இங்கே முகத்தின் பாதியை எடுத்துவிட்டாற்போல இருந்தது.

கேப்டனுக்கு ஏமாற்றம். “கொம்போட ஒண்ணை எங்கே பார்க்கலாம்?” என்று கேட்டார். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு நிதானமாக, “எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்” என்றார்.

கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்வளவு தூரம் வந்தது இதைப் பார்க்கவா? காண்டாமிருகம்னாலே கொம்புதானேப்பா” என்று தமிழில் என்னிடம் கொட்டினார். எனக்கும் பொறுக்கவில்லை. “அது உயிரோட நிக்குதே கேப்டன், அது போதாதா?” என்றேன். புயலில்கூட அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மொழி புரியாவிட்டாலும் விஷயம் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவராகவே பேசத் தொடங்கினார். மயக்க ஊசி போட்டு, கண்ணையும் காதையும் மூடிக் கட்டி, உயிர்த்திசுவுக்கு மேலாக ரம்பத்தால் அறுக்கிறார்கள். வலி கிடையாது. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் கொம்பிலும். மறுபடி வளரும், மறுபடி அறுக்க வேண்டும். 2023இல் மட்டும் இந்த ஒரு காட்டில் 307 காண்டாமிருகங்களைத் திருடர்கள் கொன்றிருக்கிறார்கள். அதன் பிறகுதான், 2024இல், இங்கே கொம்பு அறுக்கும் வேலை தொடங்கியது.

அதுவும் எந்தக் காட்டில்! 19ஆம் நூற்றாண்டின் முடிவில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் கீழே போய், கடைசியாக ஒண்டிக்கொண்ட இடம் இதுதான். 1895இல் இதைக் காப்பகமாக அறிவித்தார்கள். 1960களில் இயன் பிளேயர் என்ற வன அதிகாரி முன்னின்று, பெருகியவற்றைப் பிடித்து வேறு காடுகளுக்கும் நாடுகளுக்கும் அனுப்பினார். இன்று உலகில் உள்ள தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களின் பூர்வீகம் இந்த மண்தான்.

பிளேயர் ஒரு படகுக்காரர் என்பது தெரிந்ததும் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஆற்றுவழித் துடுப்புப் பந்தயத்தை 1951இல் தொடங்கி வைத்தவர் அவர். முதல் பந்தயத்தில் எட்டுப் பேர் இறங்கினார்கள். வழியில் பாம்பு கடித்தும் கரை சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பிடிவாதம் உள்ள ஆள்தான் இந்த மிருகத்தையும் கரை சேர்த்திருக்க முடியும்.

குட்டி நாங்கள் இருந்த பக்கம் திரும்பியது. அதன் மூக்கில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முளை. கேப்டன் கைப்பேசியை எடுத்தார். “இடக்குறிப்பை அணைத்துவிட்டீர்களா?” என்று அந்தப் பெண் கேட்டார். பயணிகள் வலையேற்றும் படங்களில் பதிந்திருக்கும் இடத்தை வைத்தே திருடர்கள் மந்தையைத் தேடி வரக்கூடுமாம். கேப்டன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “நீயே அணைச்சுக் குடுப்பா” என்றார். அவர் குரலில் கோபம் போயிருந்தது.

காசிரங்காவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகிறவர்கள், காண்டாமிருகத்தைப் படம் எடுக்குமுன் கைப்பேசி கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். எங்கே பார்த்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதவும் வேண்டாம்.