அம்மா மேல தப்பு இல்ல!

எங்க ஊர் தொட்டியம். என் அப்பா வாழைத்தார் சுமக்கிறார். அம்மாவுக்குக் கை வலி என்று மாமா ஒரு பழைய வாஷிங் மெஷின் தந்தார். முன்பக்கம் கதவு வைத்தது. போட்டால் தண்ணீர் நிறையவே இல்லை! உள்ளே வர வர, பின்னால் கழிவு டியூப் வழியாக ஓடியது. "நீதாம்மா எதையோ திருகிக் கெடுத்துட்ட" என்று கத்திவிட்டேன். அம்மா பேசாமல் துவைக்கிற கல்லுக்கே போய்ட்டாங்க.

மறுநாள் பிளம்பர் அண்ணன் வந்து பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு பாப்பா. டியூப் தரையில கெடக்கு. பள்ளத்தைப் பாத்தா தண்ணி நிக்குமா?" என்று டியூப் வாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். தண்ணீர் நின்றது! இனி உள்ளே இருக்கிற பம்ப் தள்ளினால்தான் வெளியே வருமாம்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் வளைந்திருப்பது ஏன் என்றும் கேட்டேன். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடை நாற்றத்தை மேலே விடாமல் தடுக்கிறது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவு வைத்துக் காப்புரிமை வாங்கினாராம்!

அன்று இரவு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி" என்று சிரித்தாங்க. தெரியாமல் யாரையும் குறை சொல்லாதீங்க. முதலில் குழாயைப் பாருங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி