தட்டி விழுந்தது

சாதுரியமாகப் பேசுகிறவன் என்று நானும் ஒரு காலத்தில் பெயர் வாங்கியவன்தான். ஒரு கல்யாணப் பந்தியில் நண்பர் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். பந்தி முழுவதும் சிரித்தது. நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு அவர் என் வீட்டுப் படி ஏறுவதும் நின்றது.

என் பிழை எனக்கு விளங்கியது, ஷெரிடன் 1777-ல் அரங்கேற்றிய ‘ஸ்கூல் பார் ஸ்காண்டல்’ நாடகத்தைப் படித்தபோதுதான். அயோத்தி பேகம்களின் பொருளைப் பறித்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1787-ல் பார்லிமெண்டில் முழங்கினாரே, அதே ஷெரிடன்தான்.

நாடகத்தில் லேடி ஸ்னீர்வெல் வீட்டில் ஒரு வம்புக் கூட்டம். ஒவ்வொரு நாவும் சாணை பிடித்த கத்தி. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு சிரிப்புக்கும் யாரோ ஒருவருடைய மானம் போகிறது. கிழவர் ஸர் பீட்டரின் இளம் மனைவியும் அங்கே பாடம் கற்றவள்தான்.

ஒரு நாள் அவள் கபட வேஷதாரி ஜோஸப்பின் அறைக்குத் தனியே வருகிறாள். கணவரும் அங்கே வந்துவிடவே, மறைப்புத் தட்டிக்குப் பின்னால் ஒளிகிறாள். கிழவரோ அவளுக்கு வருஷம் 800 பவுன் எழுதிவைக்கப் போவதாக ஜோஸப்பிடமே அந்தரங்கமாகச் சொல்கிறார்! பின்னால் வந்த தம்பி சார்ல்ஸ், ஒளிந்திருப்பவள் யார் என்று அறியாமல், தட்டியைத் தள்ளிவிடுகிறான். சபை சிரிக்கிறது, அவள் வெட்கித் திருந்துகிறாள்.

வம்புக் கூட்டத்தின் சாதுரியம் ஒருவரையும் திருத்தவில்லை. கிழவரின் அசட்டு அன்பு அவளைத் திருத்தியது. சிரிப்போடு மனமும் இளகினால் அதுவே ஹாஸ்யம்.

புத்தகத்தை மூடிவிட்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். விகடம் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் காபி வந்தது.